நடுப்படத்தின் கடைசிச் சத்தம்

அந்தச் சத்தம் திரை இருள்வதற்கு முன்பு வந்ததா, இருண்ட பிறகு வந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்பு என்றுதான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருண்ட பிறகுதான் என்று அக்கா அடித்துச் சொல்கிறாள். நடந்தவற்றைவிட அவற்றுக்கு நடுவில் இருந்த மௌனங்கள்தான் எனக்கு நன்றாக நினைவில் தங்குகின்றன. மௌனங்களை வரிசைப்படி அடுக்கிவைக்க முடிவதில்லை. அதனால் நான் சொல்வதில் சில இடங்கள் முன்பின்னாக இருக்கலாம்.

அக்காவும் அத்தானும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தார்கள். வேற்றுமொழிப் படங்களை நம் மொழியில் பேசவைக்கும் இடம் அது. அக்கா வசனம் எழுதுவாள். திரையில் அந்த ஊர் நடிகரின் உதடு எங்கே ஒட்டுகிறதோ அங்கே நம் சொல்லிலும் உதடு ஒட்ட வேண்டும். அதற்காக ஒரே வரியை நாள் முழுக்க மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அத்தான் குரல் கொடுப்பவர். கிழவர்கள், கொலைகாரர்கள், நீதிபதிகள், ஒருமுறை ஒரு கரடி.

மூன்று பாகங்களாக எடுக்கப்பட்ட அந்தப் பெரிய மாயாஜாலப் படத்தின் முதல் பாகம் வந்தபோது, அதில் வரும் கிழட்டு ராஜாவுக்கு அத்தான்தான் பேசினார். உப்பு பூத்துப் பாழாய்ப்போன நாடு, சிறகு முளைத்த பல்லிகள், மலைக்குள் சிறைவைக்கப்பட்ட நதி, அதைத் தேடிப் போகும் ராஜா. அத்தானுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கனமான வசனம் ஒன்றைப் பேசுவதற்கு முன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, சட்டென்று எடுப்பார். தாழ்ப்பாள் விழுவதுபோல 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பேசி முடித்த பிறகு அக்கா உட்கார்ந்து அத்தனை டொக்குகளையும் வெட்டி எடுப்பாள். அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி, அவர்கள் கல்யாணத்திலும் ஒரு பகுதி.

அந்தப் படத்தில் ஓர் இடத்தில் வெட்ட மறந்துவிட்டாள். நகரம் எரியும்போது ராஜா பேசும் இடம். அந்தப் பகுதி, குரலையும் இசையையும் சேர்க்கும் ஒலிக்கலவை முடிந்து கையைவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. அக்கா அழாத குறை. அத்தான்தான் சொன்னார்:

"ஒரு இடத்துல இருந்தா தப்பு. எல்லா இடத்துலயும் இருந்தா ஸ்டைல்."

வெட்டிப்போட்ட டொக்குகளை எல்லாம் தேடிப்பிடித்து, ராஜா வாய் திறக்கும் இடங்களில் எல்லாம் மறுபடி ஒட்டினாள். மூலப்படத்து ராஜாவுக்கு அப்படி ஒரு சத்தமே கிடையாது. எங்கள் ஊர் ராஜாவுக்கு மட்டும் இருந்தது. அது பற்றிக்கொண்டது. பேருந்தில் நடத்துநர் டிக்கெட் கேட்பதற்கு முன் டொக் என்றார். நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் அச்சகத்தில், மேலாளர் திட்டுவதற்கு முன் டொக் என்றார். ராஜா டொக் என்றால் அடுத்து ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

இரண்டாம் பாகம் வருவதற்குள் அத்தானின் தொண்டையில் ஒன்று வளர்ந்திருந்தது. அறுவை சிகிச்சையில் அதையும் எடுத்தார்கள், அதோடு குரலையும் எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்தார்கள். மூச்சு அது வழியாகத்தான். அதன்மேல் ஒரு மெல்லிய துணி. கழுத்தில் வைத்து அழுத்திப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். அத்தான் ஒரே ஒரு முறை அதை வைத்துப் பேசிப்பார்த்தார். ரேடியோவுக்குள் எறும்பு புகுந்ததுபோல இருந்தது. அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

பிறகு அக்கா அவருக்காகப் பேச ஆரம்பித்தாள். வாழ்நாள் முழுக்க உதடுகளைப் பார்த்து வேலை செய்தவள். அத்தான் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பார், அக்கா அதைச் சொல்வாள். எனக்கு அவர் மெதுவாகச் சொன்னால் பாதி புரியும்.

பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு தூரத்து மாமா, "குரல் போனா என்ன மாப்ள, உயிர் இருக்கே" என்றார்.

அத்தானின் உதடுகள் நீளமாக ஏதோ சொல்லின.

"நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷமாம்" என்றாள் அக்கா.

மாமா போன பிறகு நான் கேட்டேன். "அவர் சொன்னது இன்னும் நீளமா இருந்துச்சே?"

"வசனத்தைக் கொஞ்சம் சுருக்கிட்டேன். பெரியவர் காதுல விழக்கூடாதது ரெண்டு இருந்துச்சு."

அத்தான் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. தோள் மட்டும் குலுங்கும்.

இரண்டாம் பாகத்துக்கு ராஜாவின் குரலாக அக்கா தேர்ந்தெடுத்தது ஒரு வங்கிக்காரரை. பகலில் வங்கியில் வேலை, மற்ற நேரத்தில் குரல் கொடுப்பார். நல்ல மனிதர், நல்ல குரல். அத்தானின் குரலுக்கு அருகில் வரும், ஆனால் அதுவாகாது. வேலை தொடங்குவதற்கு முன் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்ணே, வசனம் நான் பேசறேன். அந்த டொக்கு மட்டும் போட மாட்டேன். அது உங்களோடது."

அத்தான் வெகுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதட்டை அசைத்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அதற்குக் குரல் கொடுக்கவில்லை. சமையலறைக்குப் போய் டீ போட்டு எடுத்துவந்தாள்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு சத்தத்தை என்ன அவர் விலைக்கா வாங்கி வச்சிருக்காரு? பழைய டொக்கை எடுத்து ஒட்டும்மா" என்றார். அக்கா மறுத்துவிட்டாள். அவருடைய டொக்குக்குப் பின்னால் இன்னொருவர் குரல் வருவதை அத்தான் கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். முதலாளி ஒன்றே ஒன்று சொன்னார். இந்த ராஜாவை ஜனம் ஏற்றுக்கொண்டால் மூன்றாம் பாகமும் நமக்கு. யாராவது குரல் மாறிவிட்டது என்று கூச்சல் போட்டால், படம் வேறு கூடத்துக்குப் போய்விடும். அக்காவுக்கும் அங்கே இடம் இருக்காது.

படம் வெளியான நாள், முதல் காட்சிக்குப் போக வேண்டும் என்றார் அத்தான்.

"வேண்டாங்க. கூட்டமா இருக்கும். உங்களுக்கு இருமல் வந்தா?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தார். யாராவது கண்டுபிடிக்கறாங்களான்னு பாக்கணும்.

அக்கா கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "கண்டுபிடிச்சா என் வேலை போச்சு. கண்டுபிடிக்கலைன்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. கண்டுபிடிக்கவில்லை என்றால் அத்தான் அந்தப் படத்தில் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அவள் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ அதற்கு நேர் எதிரானதை அவர் ஆசைப்பட்டார். இரண்டு பேருக்கும் அது தெரியும். அந்தத் துண்டு ஏற்கெனவே மடிந்திருந்தது. அக்கா அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அக்கா முதலாளியோடு மாடி வரிசையில் உட்கார வேண்டியிருந்தது. அத்தானுக்கும் எனக்கும் கீழே, நடுவில் இடம். விளக்கு அணையும்வரை அத்தான் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இருட்டில் உதடு தெரியாது. இனி படம் முடியும்வரை அவர் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

படம் பெரும்பாலும் நடை. போன பாகத்தில் நகரம் எரிந்தது. இந்தப் பாகத்தில் மிஞ்சியவர்கள் உப்புப் பாலைவனத்தில் மலையைத் தேடி நடக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்தவன் நான் மட்டும்தானோ என்று தோன்றியது.

"இன்னுமா நடக்கறாங்க?" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

"போன படத்துல பறந்தாங்க, இந்தப் படத்துல நடக்கறாங்க, அடுத்த படத்துல தவழுவாங்க" என்றது இன்னொன்று. அவரை அவருடைய நண்பர்கள் 'வாத்தியாரே' என்று கூப்பிட்டார்கள்.

எங்கள் பின்னால் ஒரு மருமகளும் மாமியாரும். மருமகள் முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவள். மாமியாருக்கு விடாமல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவன் இப்ப கெட்டவன் இல்ல. போன படத்துல கெட்டவன். திருந்திட்டான்."

"அப்ப இப்ப யாரு கெட்டவன்?"

"அது அடுத்த படத்துலதான் தெரியும்."

"தெரிஞ்சப்புறம் கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

ராஜா முதல்முறை பேசும் இடம் வந்தது. பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முன்வரிசைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். வாத்தியார் நாக்கை அண்ணத்தில் ஒட்டித் தயாராக வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ராஜா வாய் திறக்கும் நேரத்துக்குச் சரியாக அவரிடமிருந்து டொக் என்று வந்தது. திரையிலிருந்து வரவில்லை. ராஜா நேராகப் பேச ஆரம்பித்துவிட்டார். வாத்தியாரின் டொக் அநாதையாக நின்றது. நண்பர்கள் அவரைக் கேலிசெய்து சிரித்தார்கள். அவ்வளவுதான். குரல் மாறியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வங்கிக்காரர் நன்றாகவே பேசியிருந்தார்.

என் இடது கை அத்தானின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. ராஜா பேசப்பேச அவர் கை நாற்காலியின் பிடியிலிருந்து மெல்ல நழுவி மடியில் விழுந்ததை உணர்ந்தேன். மாடியில் அக்கா இந்நேரம் மூச்சுவிட்டிருப்பாள். கீழே அத்தான் இருட்டில் கரைந்துகொண்டிருந்தார். 

அப்போது பின்னாலிருந்து மாமியார் கேட்டார்:

"ஏம்மா, ராஜாவுக்குச் சளியா?"

"என்னத்தை?"

"தொண்டை வேற மாதிரி இருக்கே. போன தடவை டிவியில பாத்தப்ப வயித்துலேர்ந்து பேசினாரு. இப்ப மூக்கு வரைக்கும்தான் வருது."

"போர்ல அடிபட்டிருக்காருல்ல, அதான்."

"அடி வயித்துலயா பட்டுது?"

பக்கத்தில் நாற்காலி லேசாக ஆடியது. திரும்பிப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அத்தானின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இரண்டும்தான்.

இடைவேளையில் அவர் எழுந்திருக்கவில்லை. நான் வெளியே போனபோது, டீ வாங்க வந்தவர்களின் பேச்சு காதில் விழுந்தது. ராஜா ஏன் டொக் போடவில்லை என்று ஒரு கூட்டம் வாதாடியது. நாடு இழந்த துக்கம் என்றார் ஒருவர். பல் விழுந்திருக்கும் என்றார் வாத்தியார். காணாமல்போனது ஒரு சத்தம் என்றுதான் நினைத்தார்கள், ஒரு மனிதர் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் திரும்பி வந்து அத்தானிடம் சொன்னேன். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அவர் உதடு தெரிந்தது. தேடறாங்களா?

"தேடறாங்க அத்தான்."

அவர் தலையாட்டினார்.

இரண்டாம் பாதியின் முடிவில் மிஞ்சியவர்கள் மலையை அடைகிறார்கள். மலையின் வயிற்றில் ஒரு கல் கதவு. அதற்குப் பின்னால்தான் நதி. பின்னால் பல்லிகள் வந்துகொண்டிருக்கின்றன. ராஜா தனியாகக் கதவின் முன் போய் நிற்கிறார். அவர் முதுகு மட்டும் தெரிகிறது. கதவின்மேல் கை வைக்கிறார். இசை நின்றுவிடுகிறது. காற்றும் நின்றுவிடுகிறது. அப்படியே ஒரு மௌனம். நான் எத்தனையோ மௌனங்களைப் படித்திருக்கிறேன், ஒன்றிரண்டில் வாழ்ந்தும் இருக்கிறேன். அதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே இருந்த அந்த அரங்கம், பாப்கார்ன் பொட்டலம் உட்பட, அடங்கிப்போனது.

அந்த மௌனத்துக்குள், என் பக்கத்து இருக்கையிலிருந்து, தெளிவாக ஒன்று கேட்டது.

டொக்.

குரல் போன பிறகும் நாக்கு இருந்தது, அண்ணம் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு மூச்சு தேவையில்லை. இத்தனை மாதங்களில் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே அந்த நொடியில்தான் தோன்றியதா என்று தெரியாது.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அரங்கமே எழுந்தது. விசில், கைதட்டல், நாற்காலியில் தட்டுகிற சத்தம். ராஜா பேசப்போகிறார்! அத்தனை நேரம் நடந்ததற்கும் சேர்த்து இப்போது பேசப்போகிறார்! எல்லோரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். திரை இருண்டு கிடந்தது. பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன.

"டேய், முடிஞ்சிருச்சா?" என்றார் வாத்தியார். அவ்வளவு நொந்த குரலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

"என்ன சொல்ல வந்தாரு? அதைச் சொல்லிட்டுப் போங்கடா!"

"அது ராஜா இல்ல, கதவு. தாழ்ப்பாள் திறந்த சத்தம்!"

"ராஜாதான்யா. எனக்குத் தெரியாதா அந்த டொக்கு?"

பின்னால் மாமியார் நிதானமாகச் சொன்னார். "இப்பதாம்மா ராஜா வந்தாரு. சளி சரியாயிருச்சு."

பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லை. இன்னும் ஏதோ வரும் என்று வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். துப்புரவுப் பெண் துடைப்பத்தோடு வந்து நின்று, "அடுத்த வருஷம்தாங்க வரும், அதுவரைக்கும் இங்கேயே இருக்கப்போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் கலைந்தார்கள்.

அக்கா மாடியிலிருந்து ஓடிவந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள். வெட்டிவெட்டிப் பழகியவளுக்கு அந்த டொக் யாருடையது, அரங்கின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்குமா?

"நீங்கதானே?"

அத்தான் உதட்டை அசைத்தார். இந்த முறை வேகமாக, எனக்குப் புரியாதபடி.

"என்னக்கா சொல்றார்?"

"உனக்கு எதுக்குடா?" என்றாள் அக்கா. முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். வங்கிக்காரர் வந்த அன்று போலவே, அவர் சொன்ன ஒன்றை அவள் குரல் கொடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

வம்பு மறுநாள் வந்தது. முதல் காட்சி பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ராஜா டொக் போடுவார், அதோடு படம் முடியும், புல்லரிக்கும் என்று. அடுத்தடுத்த காட்சிகளுக்கு வந்தவர்கள் அந்த மௌனத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டொக் வரவில்லை. வெறும் மௌனம், இருட்டு, முடிவு. ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினார்கள். அரங்க மேலாளர் தங்களுக்கு வந்த பிரதி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, ஒலிபெருக்கிகளைக் கழற்றிச் சோதித்தார். பிறகு முதலாளிக்குத் தொலைபேசி செய்து சண்டை போட்டார்.

முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? எல்லா அரங்கத்துலேர்ந்தும் ஃபோன். இல்லாத சத்தத்தைக் காணோம்னு சண்டைக்கு வர்றாங்க!"

"இருந்துச்சு சார். முதல் காட்சியில."

"அது எப்படி இருக்கும்? நம்ம கலவையில..." என்று ஆரம்பித்தவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, முதலாளியின் கண்களைப் பார்த்து டொக் என்றார்.

முதலாளி மெல்ல உட்கார்ந்தார். முதலில் கோபப்படத்தான் பார்த்தார், அவரால் முடியவில்லை. "அடப்பாவி மனுஷா" என்றார். பிறகு, "பழைய டொக் இருக்கில்லம்மா, அதை எடுத்து ஒட்டி புதுப் பிரதி அனுப்பிடலாமா?" என்று கேட்டார்.

"முடியாது சார். பழையது ஒவ்வொண்ணுக்கும் பின்னால அடுத்த சொல்லோட தலை ஒட்டிட்டிருக்கு. வெட்டினா தெரியும்."

அது உண்மையா என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"அப்ப?"

"புதுசாதான் எடுக்கணும்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அத்தான் அந்தக் கூடம் இருந்த தெருப்பக்கமே போனதில்லை. பேருந்தில் அந்த வழியாகப் போக நேர்ந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அக்கா அவர் உதடுகளைப் பார்த்தாள். உதடுகள் அசையவில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது, ஒலிப்பதிவுக்குப் போகும் நாட்களில் மட்டும் அணியும் சரசரக்காத பழைய பருத்திச் சட்டையைப் போட்டிருந்தார்.

நானும் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அத்தான் ஒலிவாங்கியின் முன் நின்றார். கழுத்துத் துணிக்குள்ளிருந்து மூச்சு வந்துபோகும் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஒலிப்பதிவாளர் சங்கடத்தோடு அக்காவைப் பார்த்தார். அக்கா, "மூச்சைப் பிடிச்சுக்கங்க" என்றாள். அவர் பிடித்துக்கொண்டார். திரையில் ராஜா கதவில் கை வைத்தார். அக்கா கையை உயர்த்தி இறக்கினாள்.

டொக்.

"இன்னொண்ணு" என்றாள் அக்கா.

"அதான் நல்லா வந்துச்சேக்கா" என்றார் வங்கிக்காரர். அவரும் வங்கிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து மூலையில் நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியும். இன்னொண்ணு."

அவள் விடவில்லை. அன்று சாயங்காலம்வரை எடுத்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதட்டை அசைத்து ஏதோ திட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே, "ராஜா நல்ல மூடுல இருக்கார்" என்று எங்களுக்குக் குரல் கொடுத்தாள்.

புதுப் பிரதி எல்லா அரங்குகளுக்கும் போனது. படம் நன்றாக ஓடியது, நடை அதிகம் என்ற குறையோடே ஓடியது. மூன்றாம் பாகமும் அக்காவிடமே வந்தது. அதில் வங்கிக்காரர் பேசினார், பேச்சுக்கு முன்னால் வரும் டொக் மட்டும் அத்தானுடையது. அவை இரண்டும் ஒட்டிய இடத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வங்கிக்காரர் பிறகு வங்கி வேலையை விட்டுவிட்டார். முதலாளி கூடத்தை விற்றுவிட்டு மகளோடு வேறு ஊருக்குப் போனார். அந்த அரங்கம் இப்போது துணிக்கடை. வாத்தியாரை ஒருமுறை ரயில் நிலையத்தில் பார்த்தேன், அவருக்கு என்னைத் தெரியவில்லை. அந்த மாமியாரையும் மருமகளையும் பிறகு பார்க்கவே இல்லை. அத்தான் கடைசிவரை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து குரல்களைத் தேர்ந்தெடுத்தார், போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் இறந்தார். அக்கா இன்னும் வசனம் எழுதுகிறாள். நான் இன்னும் பிழை திருத்துகிறேன்.